முருங்கை மரம் ஏறிய படக்கதை

ரொம்ப நாளாகிவிட்டது இந்தப் பக்கம் எழுதி. மார்ச் கணக்கு முடிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆடிட், அது முடிந்ததும் கிளைக்கு ஆள் பற்றாக்குறை என்று ஆணிகள் அதிகம். வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிவு வேதாளத்தைப் பற்றி. மேனேஜரைப் பற்றியோ என்று சந்தேகப்பட வேண்டாம், நிஜ வேதாளம்தான் :-)

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அபிட்ஸ் போயிருந்தேன். ஹைதராபாத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஞாயிறன்று அங்கே மூடிய கடைகளின் வாசலில் பழைய புத்தகங்களைப் பரப்பி விற்பார்கள். நான் எதையோ புரட்டிக்கொண்டிருக்க, அவள் ஒரு படக்கதைப் புத்தகத்தோடு வந்து நின்றாள். டோல்கீன் 1937-ல் எழுதிய 'ஹாபிட்' நாவல். அதை 1989-ல் சக் டிக்ஸன் சுருக்கி எழுத, டேவிட் வென்ஸல் வரைய, முதலில் மூன்று பகுதிகளாக வந்த கிராஃபிக் நாவல். அட்டை கிழிந்திருந்தாலும் உள்ளே பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. பேரம் பேசி வாங்கினோம்.

மாரெட்பள்ளி வீட்டுக்கு வரும் வழியிலேயே பாதி படித்துவிட்டாள். ஆட்டோவில் திடீரென்று ஒரு கேள்வி.

"அப்பா, நம்ம பாஷையில இந்த மாதிரி ஃபேன்டஸி இல்லையா?"

பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. "ஏன் இல்லை? வேதாளம் இருக்கே!" என்றேன்.

அப்போதுதான் உண்மையைச் சொன்னாள். பள்ளியில் லீவுக்கு ஒரு புராஜெக்ட். ஏதாவது ஒரு பழைய மாயக்கதையை எடுத்துக்கொண்டு பதினாறு பக்கத்தில் கிராஃபிக் நாவலாகச் செய்து வர வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் ஹாரி பாட்டர் எடுத்துவிட்டார்களாம். "அப்ப நான் வேதாளமே பண்றேன். நீ கதை சொல்லு, நான் வரையறேன்."

மாட்டிக்கொண்டது நான்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். உறையூரில் எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் அம்புலிமாமா வரும். அப்பா அதைத் தூக்கிப் போட மாட்டார். பன்னிரண்டு இதழ் சேர்ந்ததும் பைண்டிங் செய்து பரணில் வைப்பார். அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது அந்தத் தொகுப்புகளில் இரண்டு மட்டும்தான் என்னோடு வந்தன. மற்றதைக் கரையான் எடுத்துக்கொண்டது. பல டிரான்ஸ்ஃபர்களைப் பார்த்துவிட்டு இப்போது மாரெட்பள்ளி பீரோவில், பாஸ்போர்ட்டுக்கும் இன்ஷூரன்ஸ் பத்திரத்துக்கும் பக்கத்தில் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து மகள் கையில் கொடுத்தேன்.

அவள் படங்களைப் பார்த்தாள். எழுத்தைப் பார்க்கவில்லை. பார்த்தும் பயனில்லை. வீட்டில் தமிழ் பேசுவாள், பள்ளியில் இரண்டாம் மொழி தெலுங்கு, மூன்றாவது இந்தி. தமிழ் வாசிக்கத் தெரியாது. "அப்புறம் சொல்லிக் கொடுக்கலாம்" என்று நானும் தங்கமணியும் ஒன்பது வருடமாகத் தள்ளிப்போட்ட கணக்கு அது. வங்கியில் இப்படி ஒரு கணக்கு இருந்தால் அதற்குப் பெயர் வாராக்கடன்.

சரி, கதைக்கு வருகிறேன். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம்.

நாம் எல்லோரும் உஜ்ஜயினி விக்கிரமாதித்தன் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர், சூரியமதி என்ற அரசிக்காக எழுதிய கதாசரித்சாகரத்தில் வேதாளக் கதைகள் இருபத்தைந்தும் இருக்கின்றன. அதில் ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன். ஊர், கோதாவரிக் கரையில் இருக்கும் பிரதிஷ்டானம். பின்னால் வந்த பிரதிகளில்தான் அவன் உஜ்ஜயினி விக்கிரமாதித்தன் ஆனான்.

பிரதிஷ்டானம் என்பது இன்றைய பைட்டன். பைட்டணிப் புடவை என்று தங்கமணிகள் கேட்பார்களே, அதே ஊர். இப்போது மகாராஷ்டிராவில் இருக்கிறது. ஆனால் 1956 நவம்பரில் மாநிலங்கள் பிரிக்கப்படும் வரை அந்தப் பகுதி ஹைதராபாத் மாநிலத்தைச் சேர்ந்தது. அதாவது வேதாளத்தைச் சுமந்த ராஜா நம்ம நிஜாம் சீமைக்காரர்! அஜந்தா எக்ஸ்பிரஸ் ஏறினால் அவர் ஊருக்குப் பக்கத்தில் போய் இறங்கலாம்.

இன்னொன்றும் உண்டு. கதாசரித்சாகரத்துக்கு மூலம் பிருகத்கதை என்பார்கள். அதை எழுதிய குணாட்டியர், இதே பிரதிஷ்டானத்தில் சாதவாகன ராஜாவின் சபையில் இருந்தவர் என்பது ஐதீகம். பைசாச மொழியில் ஏழு லட்சம் சுலோகம் எழுதினாராம். ராஜா மதிக்கவில்லை. மனம் வெறுத்துக் காட்டில் நெருப்பு மூட்டி, ஒவ்வொரு ஏடாக மிருகங்களுக்குப் படித்துக் காட்டி நெருப்பில் போட்டாராம். ராஜா ஓடி வந்து தடுத்தபோது மிச்சம் ஒரு லட்சம். அந்த நூல் இன்று இல்லை. ஆனால் அதன் வழி வந்த தமிழ் நூல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. கொங்குவேளிரின் பெருங்கதை. அதுவும் முதலும் கடைசியும் தொலைந்துபோய்த்தான் கிடைத்தது.

வேதாளக் கதையின் ஆரம்பம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு பிட்சு தினமும் சபைக்கு வந்து ராஜாவுக்கு ஒரு பழம் கொடுப்பான். ராஜா அதை வாங்கிப் பக்கத்தில் நிற்கும் பொக்கிஷ அதிகாரியிடம் கொடுப்பார். இப்படியே பத்து வருடம். ஒருநாள் பழத்தை ஒரு குரங்கு கடிக்க, உள்ளேயிருந்து ரத்தினம் விழுகிறது. பழைய பழங்கள் எங்கே என்று ராஜா கேட்கிறார். அதிகாரி கதவைத் திறக்காமலே ஜன்னல் வழியாக உள்ளே வீசியிருக்கிறார்! போய்ப் பார்த்தால் பழம் எல்லாம் அழுகி, ரத்தினங்கள் குவியலாகக் கிடக்கின்றன.

பத்து வருடம் ரீகன்சிலியேஷன் போடாத கணக்கு. இன்றைக்கு என்றால் அந்த அதிகாரிக்கு அன்றே சார்ஜ் ஷீட்.

அதற்குப் பிறகு உங்களுக்குத் தெரியும். பிட்சு கேட்ட உதவிக்காக ராஜா தேய்பிறைச் சதுர்த்தசி இரவில் சுடுகாட்டுக்குப் போய் மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் திரும்ப மரம் ஏறிவிடும்.

அந்த மரத்திலும் ஒரு விஷயம். சமஸ்கிருதத்தில் அது சிம்சுபா மரம். அசோகவனத்தில் சீதை உட்கார்ந்திருந்ததாக வால்மீகி சொல்வதும் அதே மரம்தான். நம்மூரில் அது முருங்கை மரம் ஆகிவிட்டது. லேசாக ஏறினாலே கிளை ஒடியும் முருங்கையில் பிணம் எப்படித் தொங்கியது என்று கேட்கக்கூடாது. 'வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது' என்று நம் அம்மாக்கள் நம்மைத் திட்டுவதற்கு வசதியாக யாரோ செய்த மாற்றம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கதை போன இடமெல்லாம் இப்படி அந்த ஊருக்குத் தகுந்த மாதிரி மாறியிருக்கிறது. தமிழ் வேதாளக் கதையை பாபிங்டன் என்ற வெள்ளைக்காரர் 1831-லேயே இங்கிலீஷில் கொண்டுபோனார். எல்லோரும் சொல்லும் ரிச்சர்ட் பர்ட்டன் புத்தகம் அதற்குப் பிறகு, 1870-ல், இந்தி வழியாக வந்தது. அவர் இருபத்தைந்தில் பதினொன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்குக் கதை விட்டார். அதிலேயே எர்னஸ்ட் கிரிசெட் வரைந்த படங்களும் உண்டு. ஆக வேதாளத்துக்குப் படம் போடுவது புதிய விஷயம் இல்லை.

ஆனால் நம் மனதில் இருக்கும் வேதாளத்துக்கு முகம் கொடுத்தவர் சங்கர். கே.சி. சிவசங்கரன். 1924-ல் பிறந்தவர், ஈரோடு பக்கத்து மனிதர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, கலைமகளில் வேலை பார்த்து, 1952-ல் அம்புலிமாமாவுக்கு வந்தார். ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம், சுற்றிலும் மண்டை ஓடுகள், விறைப்பாக நடக்கும் ராஜா. ஒவ்வொரு மாதமும் அந்தத் தலைப்புப் படத்தைப் பார்த்தவுடனே வயிற்றில் ஒரு பயம் கலந்த சந்தோஷம் வரும். பத்திரிகை நிற்கும் வரை ஏறத்தாழ அறுபது வருடம் அவர் அங்கேயே இருந்தார். 2020-ல் காலமானார். அடுத்த வருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் எதிர் ஃப்ளாட் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில் நிலயத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். (ஸ்டேஷன் என்று நினைத்துவிடாதீர்கள், தென் மத்திய ரயில்வேயின் தலைமை அலுவலகத்துக்கு இங்கே அதுதான் பெயர்.) என் மகளுக்கு அவர் தாத்தகாரு. அவள் பைண்டிங் புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். மனிதர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போய் அவருடைய பழைய தெலுங்கு சந்தமாமாக்களைக் கொண்டுவந்துவிட்டார். தேடியதில் ஒரே மாதத்து இதழ் இரண்டு மொழியிலும் அகப்பட்டது. என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்.

இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அதே பக்கம், அதே இடத்தில் அதே படம். எழுத்து மட்டும் வேறு.

"மீ தமிழ்லோ கூட இதே பொம்மா?" என்றார் பெரியவர். அவர் இத்தனை நாளும் சந்தமாமா தெலுங்குப் பத்திரிகை, மற்றதெல்லாம் மொழிபெயர்ப்பு என்று நினைத்திருந்தார். நான் அம்புலிமாமா சுத்தத் தமிழ்ச் சரக்கு என்று நினைத்திருந்தேன். இருவருக்கும் பாதி பாதி மார்க்.

நடந்தது இதுதான். நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947-ல் சென்னையில் தெலுங்கு, தமிழ் இரண்டிலும் தொடங்கினார்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பல மொழிகள் சேர்ந்தன. கதைகளின் பின்னால் இருந்த பெரிய கை, 1952-லிருந்து 1980-ல் காலமாகும் வரை தெலுங்குச் சந்தமாமாவைப் பார்த்துக்கொண்ட கொடவடிகண்டி குடும்பராவ். பகுத்தறிவு பேசிய இடதுசாரி எழுத்தாளர்! அவர் மேற்பார்வையில்தான் இத்தனை பேயும் பிசாசும் உலாவின. சோமதேவர் கொடுத்த இருபத்தைந்து கதைகள் எத்தனை மாதத்துக்குக் காணும்? அதனால் ராஜா, பிணம், கேள்வி என்ற சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் புதுக்கதைகளை அதற்குள் போட்டார்கள். படம் தமிழர் சங்கர் போட்டது. அதுவே எல்லா மொழிக்கும் போயிற்று.

இதே நாகிரெட்டி, சக்ரபாணி ஜோடிதான் 1951-ல் பாதாள பைரவி படம் எடுத்தார்கள். அதிலும் கதாநாயகனைப் பலி கொடுக்க நினைக்கும் மந்திரவாதி தானே பலியாகிறான். வேதாளக் கதையில் அந்தப் பிட்சுவுக்குக் கடைசியில் நேர்வதும் அதுதான். இதைச் சொன்னதும் பெரியவர் எஸ்.வி. ரங்காராவ் மாதிரி ஒரு வசனம் பேசிக் காட்டினார். பிறகு காபி வந்தது.

அம்புலிமாமா 1998-ல் ஒருமுறை நின்று, மறுவருடம் மீண்டும் வந்தது. 2007-ல் ஒரு மும்பை கம்பெனி வாங்கியது. 2010களின் தொடக்கத்தில் ஒரேயடியாக நின்றுவிட்டது. என் மகள் கைக்கு அது கடையிலிருந்து வர வாய்ப்பே இல்லாமல் போனது.

இனி புராஜெக்ட். இருபத்தைந்தில் அவள் தேர்ந்தெடுத்தது தலை மாறிய கதை. சோமதேவர் சொல்கிறபடி, தவளன் என்று ஒரு சலவைத் தொழிலாளி. மனைவி மதனசுந்தரி. அவளோடும் அவள் அண்ணனோடும் மாமனார் ஊருக்குப் போகும் வழியில் அம்மன் கோயில். உள்ளே போன தவளன் பக்தி முற்றித் தன் தலையையே வெட்டிக் கொடுத்துவிடுகிறான். தேடிப்போன அண்ணனும் அப்படியே செய்கிறான். இவள் தூக்கு மாட்டப் போகும்போது அம்மன் தடுத்து, தலைகளை உடலோடு சேர்த்து வை, எழுந்துவிடுவார்கள் என்கிறாள். பதற்றத்தில் இவள் மாற்றி வைத்துவிடுகிறாள். இரண்டு பேரும் எழுந்து நிற்கிறார்கள். இப்போது புருஷன் யார்?

ராஜா சொல்லும் பதில்: உடம்புக்குத் தலையே பிரதானம், ஆகவே புருஷனின் தலை இருப்பவன்தான் புருஷன். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஜெர்மனியின் தாமஸ் மன் 1940-ல் ஒரு குறுநாவல் எழுதினார். அதைத் தொட்டு கிரிஷ் கர்னாட் 1971-ல் கன்னடத்தில் ஹயவதனா நாடகம் எழுதினார்.

மகள் நாலு நாளில் பென்சிலில் பத்துப் பக்கம் வரைந்துவிட்டாள். புருஷனுக்கு மீசை, அண்ணனுக்கு மீசை இல்லை, கழுத்தில் ஒரு மணிமாலை. தலை மாறிய பக்கத்தில் மீசைத் தலை மணிமாலை உடம்பின் மேல். நன்றாகத்தான் இருந்தது. தோழி ஒருத்தி வந்தாள். அந்தப் பக்கத்தைக் காட்டி, "யாரு புருஷன்?" என்று கேட்டாள் மகள்.

"இவன்தான். மீசை வச்சவன்" என்றாள் அந்தப் பெண். ஒரு செகண்டுகூட யோசிக்கவில்லை.

மகளுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்பா, கேள்வியே வரல."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கதையாகக் கேட்கும்போது நம் முன்னால் முகம் இல்லை. 'தலை', 'உடல்' என்று இரண்டு சொற்கள்தான். தராசில் இரண்டும் சமமாக நிற்கும். அதனால்தான் வேதாளம் கேட்கும்போது நாமும் திணறுகிறோம். படத்தில் நாம் ஆளை அடையாளம் காண்பதே முகத்தை வைத்து. கட்டம் கட்டமாகப் பத்துப் பக்கம் அந்த மீசையைப் பார்த்துப் பழகியவனுக்குப் பதினோராம் பக்கத்தில் சந்தேகமே வராது. ராஜா சொல்ல வேண்டிய பதிலைப் படம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நாவலைப் படக்கதை ஆக்குவது என்றால் நீளத்தைக் குறைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது சுலபமான பகுதி. எழுத்து மறைத்து வைப்பதைப் படம் காட்டிக் கொடுத்துவிடும், அதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கஷ்டம்.

ஹாபிட்டிலும் இதே தொல்லை உண்டு என்று அவளே கண்டுபிடித்தாள். இருட்டுக் குகையில் பில்போவும் கொல்லமும் விடுகதை போட்டுக்கொள்ளும் இடம். நாவலில் கும்மிருட்டு என்றால் நாமும் எதையும் பார்ப்பதில்லை. படக்கதையில் கறுப்புக் கட்டங்களாகவே விட்டுவிட முடியுமா? வரைபவர் எப்படியாவது வெளிச்சம் காட்டித்தான் ஆக வேண்டும். கர்னாட் நாடகத்தில் நடிகர்கள் முகமூடி போட்டுக்கொண்டு, தலை மாறும்போது முகமூடியை மாற்றிக்கொள்வார்கள். மேடைக்கு அது ஒரு வழி. அம்புலிமாமாவின் வழி வேறு. பக்கத்துக்கு ஒரு படம்தான், மீதி எழுத்து. எந்தக் கணத்தை வரைவது, எதை எழுத்துக்கு விடுவது என்று தேர்ந்தெடுக்க ஓவியருக்கு இடம் இருந்தது. கட்டம் கட்டமாகக் கதை சொல்லும் கிராஃபிக் நாவலில் அந்த வசதி குறைவு.

நான் வங்கிக்காரன் புத்தியில் ஒன்று சொன்னேன். "எங்க பேங்க்ல ஆளை அடையாளம் பார்க்க முகம் மட்டும் இல்லைம்மா. ஃபோட்டோ இருக்கு, அது தலை. கையெழுத்து இருக்கு, அது கை. கைரேகையும் உண்டு. மதனசுந்தரி புருஷன் ஆதார் வச்சுப் பணம் எடுக்க வந்தா, விரலை வச்சா ஒருத்தன் புருஷன், கண்ணை ஸ்கேன் பண்ணா இன்னொருத்தன்!"

சிரித்தாள். பிறகு, "துணி துவைக்கிறவங்க கை எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். எங்கள் கிளைக்குப் பென்ஷன் வாங்க வரும் ஒரு அம்மா இருக்கிறார். நாற்பது வருடம் துவைத்து விரல் ரேகையே தேய்ந்துவிட்டது. மெஷினில் எத்தனை முறை வைத்தாலும் சிவப்பு விளக்குதான் எரியும். அவர் முகத்தைப் பார்த்தால் எங்களுக்கு யாரென்று தெரியும், மெஷினுக்குத் தெரியாது. அந்தக் கையைப் பற்றிச் சொன்னேன். தோல் வெளுத்து, முட்டி தடித்து, நகம் தேய்ந்து இருக்கும் என்று.

மகள் பத்துப் பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். எனக்கு வயிற்றெரிச்சல், லீவு முடிய பத்து நாள்தான் இருந்தது. புதிய பக்கங்களில் தவளனை முகத்தால் அறிமுகம் செய்யவில்லை. முதல் கட்டத்தில் கல்லில் துணி அடிக்கும் இரண்டு கைகள். கல்யாணத்தில் தாலி கட்டும் அதே கைகள். மாட்டு வண்டியில் அவள் கையைப் பிடித்திருக்கும் அதே கைகள். முகம் பாதி நிழலில், முதுகுப் பக்கம், துணிமூட்டைக்குப் பின்னால் என்று மறைந்து மறைந்து வரும். தலை மாறிய பிறகு மதனசுந்தரி தலை குனிந்து நிற்கிறாள். அவள் கண்ணுக்குத் தெரிவது கைகள் மட்டும். வெளுத்த, தடித்த அந்தக் கை அவளை நோக்கி நீள்கிறது. பக்கத்தைத் திருப்பினால் அந்தக் கைக்கு மேலே அண்ணனின் முகம்.

அதே தோழி மறுபடி வந்தாள். இந்த முறை பக்கத்தை முன்னும் பின்னும் நாலு தரம் திருப்பினாள். "தெரியலடி" என்றாள். என் மகள் சந்தோஷத்தில் குதித்ததைப் பார்க்க வேண்டுமே!

அடுத்த சண்டை பலூனில் என்ன பாஷை என்பது. பள்ளிக்கு இங்கிலீஷ் போதும். ஆனால் உறையூரில் இருக்கும் என் அம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்பது அவளே விரும்பியது. பாட்டிக்கு இங்கிலீஷ் வராது. அதனால் தமிழில் ஒரு பிரதி. நான் வசனத்தை எழுதிக் கொடுத்தேன். முதல் பலூனிலேயே தகராறு. இங்கிலீஷுக்கு அளவெடுத்த பலூனுக்குள் நம்முடைய நீளச் சொற்கள் அடங்கவில்லை. நான் எழுதிய அம்புலிமாமாத் தமிழைப் பேச்சுத் தமிழாக உடைக்க வேண்டியிருந்தது. 1972-ல் ஆரம்பித்த முத்து காமிக்ஸிலிருந்து இன்றுவரை சிவகாசிக்காரர்கள் வெளிநாட்டுப் பலூன்களுக்குள் தமிழை எப்படி அடக்கினார்கள் என்று இப்போது அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை.

பலூனுக்குள் எழுதியது அவள்தான். வாசிக்கத் தெரியாமல், என் கையெழுத்தைப் பார்த்துப் படம் வரைவது மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். தன் கதாபாத்திரங்கள் பேசுவதை அவளாலேயே படிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது சுருக்கென்றது. பத்து வருடம் ஜன்னல் வழியாக வீசிய பழங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

பிரதியைக் கூரியரில் அனுப்பினோம். மறுநாள் இரவு அம்மாவிடமிருந்து போன்.

"படமெல்லாம் பெருசா தெரியுதுடா கண்ணு. எழுத்துதான் பொடிசு, எனக்குக் கண்ணு புரை. பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டேன், அவன் 'வேதாலம்'னு எழுதியிருக்குங்கறான். அது என்னடி வேதாலம்? நீயே படிச்சுச் சொல்லு. முருங்கை மரம்னுட்டு ஆலமரத்தைப் போட்டு வச்சிருக்கே, ஒரு காயையும் காணோம்!"

மகள் என்னைப் பார்த்தாள். நான் படித்துச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்காமல் இருந்தேன், விக்கிரமாதித்தன் மாதிரி.

அவள் தன் பிரதியை எடுத்து முதல் பலூனில் விரலை வைத்தாள். "ரா... ஜா... வே..." என்று எழுத்துக் கூட்டினாள். நடுவே ளவுக்கும் லவுக்கும் வித்தியாசம் கேட்டாள். ஒரு பலூனில் ஏழெட்டுச் சொல்தான் இருக்கிறது. ஒரு பக்கம் முடிக்க அன்றைக்கு இருபது நிமிடம் ஆனது. அம்மா அந்தப் பக்கம் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளியில் மார்க் எவ்வளவு என்று தங்கமணிக்குத்தான் தெரியும். நான் கேட்கவில்லை. தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு போன் வருகிறது. பாட்டி முந்தின நாள் கதையை மறந்துவிட்டதாகச் சொல்கிறார், அவள் ஒரு பக்கம் பின்னால் போய் ஆரம்பிக்கிறாள். இப்போது பதினோராம் பக்கத்தில் இருக்கிறார்கள். கை யாருடையது என்று பாட்டிக்கு இன்னும் தெரியாது.

எதிர் வீட்டு தாத்தகாரு தெலுங்கில் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். படம் தயாராகத்தான் இருக்கிறது. பலூனை மட்டும் மாற்ற வேண்டும்.